கல்லட்டி இறக்கத்தில் ஒரு கொசு

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "உனக்குத் தெரிந்த எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நாலு கட்டுரை வந்துவிட்டது" என்றார்கள். கொசுவைப் பற்றி எழுதட்டுமா என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஹாஸ்டல் கொசுவா?" என்று ஒரு கேள்வி. இல்லை நண்பர்களே, இது வேறு கொசு. ஆனாலும் நம் கல்லூரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது சிவில், எலெக்ட்ரிகல் இரண்டு வகுப்பையும் ஒரே பஸ்ஸில் அடைத்து சிங்காரா மின் நிலையம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? 1932-இல் ஓட ஆரம்பித்த பைகாரா திட்டத்து மின் நிலையம் அது. கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக முளைத்ததற்கு அந்தக் கரண்ட் ஒரு பெரிய காரணம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சீகூர் மலைப்பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவிலேயே பாதிப் பேருக்கு வயிற்றைப் புரட்டியது. கல்லட்டியில் பஸ்ஸை ஓரங்கட்டியபோது, கூட வந்த பேராசிரியர் இறங்கி நின்று ஒரு பழைய கட்டடத்தைக் கையால் காட்டி, "தம்பிகளா, ரொனால்ட் ராஸுக்கு மலேரியா பிடித்தது இந்தப் பாதையில்தான், தெரியுமா?" என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. நானும்தான். எலுமிச்சம்பழம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் அப்போது முக்கியமாக இருந்தது.

அந்த ஒரு வரியை ஏழு வருஷம் கழித்து நான் தேடிப் போக நேர்ந்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீலகிரி 1868-இல்தான் தனி ஜில்லா நிர்வாகமாகப் பிரிந்தது. அதற்கு முன் கோயமுத்தூரோடு சேர்ந்திருந்த மலை. கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சிறுமுகைப் பக்கமிருந்து பாதை வெட்ட ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் மேலே ஏற ஆரம்பித்தார்கள். ஆனால் மலைமேல் இருந்த பயத்தைவிட மலையடிவாரத்தின் மேல்தான் பயம் அதிகம். அடிவாரத்தில் ராத்திரி தங்காதே, இருட்டுவதற்குள் கடந்துவிடு என்பதுதான் அந்தக் காலத்துப் பிரயாணிகளுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி. தங்கினால் காட்டுச் சுரம் வரும். ஏன் வருகிறது? கெட்ட காற்று என்றார்கள். மலேரியா என்ற இத்தாலியப் பெயருக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். 1873-இல் மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயில் வந்தது. 1899-இல் அங்கிருந்து குன்னூருக்கு மலை ரயிலும் ஓடியது. ரயில் வந்த பிறகு அடிவாரத்தில் ராத்திரி தங்கவேண்டிய அவசியம் குறைந்தது. சுரம் குறையவில்லை.

அடிவாரத்திலேயே வேலை செய்து அங்கேயே தூங்கியவர்களுக்கு ரயில் என்ன செய்யும்? ஆனைமலைப் பக்கம் வால்பாறையில் காட்டை அழித்துக் காபியும் தேயிலையும் போட்டபோது, சமவெளியிலிருந்து கூட்டிப் போன கூலி ஜனங்கள் சுரத்தில் கொத்துக் கொத்தாகப் போனார்கள். அங்கே டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல், தாம் அறிந்த எஸ்டேட் வாழ்க்கையை வைத்து 1969-இல் 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலை எழுதினார். 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. படிக்காதவர்கள் படியுங்கள். நம் வீட்டுத் தேநீரின் கதை அது.

ராஸ் விஷயத்துக்கு வருவோம். 1857-இல் அல்மோராவில் பிறந்த ஆங்கிலேயர். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை ராஜதானியில் வேலை பார்த்தார். கவிதை எழுதுவார், கணக்குப் போடுவார், டாக்டர் வேலையில் அவ்வளவு பிடிப்பு இல்லை. மலேரியாக் கிருமியை 1880-இலேயே அல்ஜீரியாவில் லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் நோயாளியின் ரத்தத்தில் கண்டுபிடித்துவிட்டார். அது ஒரு மனிதனிடமிருந்து இன்னொரு மனிதனுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. லண்டனில் பாட்ரிக் மான்சன் என்ற பெரிய டாக்டர் 1894-இல் ராஸிடம், கொசுவைப் பார் என்றார். ஆனால் மான்சனின் யோசனையில் ஒரு கோளாறு. கொசு முட்டையிட்டுத் தண்ணீரில் செத்துவிடும், அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் சுரம் வருகிறது என்று அவர் நினைத்தார். பாவம், ராஸ் செகந்திராபாத்தில் கொசு செத்த தண்ணீரை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்துக்கூடப் பார்த்தார்! இன்றைக்கு அப்படி ஏதாவது செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு கோளாறு, அவர் அறுத்துப் பார்த்ததெல்லாம் தவறான ஜாதிக் கொசு. வீட்டைச் சுற்றி நிறையக் கிடைப்பது சாக்கடைக் கொசுவும் வரிக் கொசுவும்தான். இரண்டு வருஷம் அவற்றின் வயிற்றைக் கிழித்துக் கிழித்துப் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை. நடுவில் பெங்களூருக்கு காலரா வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். 1897 ஏப்ரலில் லீவு போட்டுவிட்டு ஊட்டிக்கு வந்தார். ஊட்டியில் உட்கார்ந்து ஓய்வெடுக்காமல், சுரத்துக்குப் பேர்போன சீகூர் இறக்கத்துக்குப் போனார். போன சில நாளிலேயே அவருக்கே மலேரியா பிடித்துக்கொண்டது. ஆராய்ச்சிக்காரர் தம் ஆராய்ச்சிப் பொருளை உடம்பிலேயே வாங்கிக்கொண்டார் என்று சொல்லலாம். தேறிய பிறகும் விடவில்லை. அந்தப் பக்கத்தில்தான் இதுவரை தாம் கவனிக்காத ஒரு சின்னக் கொசுவைப் பார்த்தார். சிறகில் புள்ளிகள். சுவரில் உட்கார்ந்தால் மற்றக் கொசு மாதிரி முதுகை வளைத்து உட்காராமல், வால் பக்கத்தைச் சுவரிலிருந்து தூக்கி நிற்கும். இதுதான் அனோபிலஸ் என்று இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்கு அவருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

மீதிக் கதை பாடப் புத்தகத்தில் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத் திரும்பி, அதே புள்ளிச் சிறகுக் கொசுக்களைப் புழுவிலிருந்து வளர்த்தார். ஹுசேன் கான் என்ற நோயாளியை அவற்றிடம் கடிக்க வைத்தார். ஒரு கடிக்கு ஓர் அணா கூலி. 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் கொண்ட உருண்டைகளைப் பார்த்தார். மறுநாள் அறுத்த கொசுவில் அந்த உருண்டைகள் இன்னும் பெரிதாக இருந்தன. வளர்கிறது என்றால் உயிருள்ளது. 1898-இல் கல்கத்தாவில், மனிதனுக்குப் பதில் பறவை மலேரியாவை வைத்து, அந்த உருண்டை வெடித்து ஊசி போன்ற நுண்ணுயிர்கள் கொசுவின் எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேருவதைக் கண்டார். குடிக்கும் தண்ணீரில் இல்லை, கடியில் இருக்கிறது. அதே வருஷம் இத்தாலியில் கிராஸியும் அவர் கூட்டாளிகளும் மனித மலேரியாவுக்கு இதை நிரூபித்தார்கள். 1902-இல் நோபல் பரிசு ராஸுக்கு மட்டும். அதற்குப் பிறகு ராஸும் கிராஸியும் ஆயுசு பூரா சண்டை போட்டார்கள். அது நமக்கு வேண்டாம்.

எனக்குப் பிடித்த கேள்வி வேறு. இந்த நாடகத்தில் மனிதன் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். கொசு என்ன பாடு படுகிறது?

ரொம்ப நாள் வரைக்கும் கொசுவை ஒரு லாரி மாதிரித்தான் நினைத்தார்கள். சரக்கை ஏற்றும், இறக்கும், லாரிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ராஸ் பார்த்ததை ஒரு எஞ்சினீயர் கண்ணால் பாருங்கள். கொசு ரத்தம் குடித்தவுடன் அதன் வயிற்றுக்குள் கிருமியின் ஆண் உருவும் பெண் உருவும் சேர்கின்றன. சேர்ந்து உண்டான புழு போன்ற உயிர், ஒரு நாளைக்குள் வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிப்பக்கம் போகிறது. துளைபட்ட செல் செத்து உதிர்கிறது. வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உருண்டையாக வீங்குகிறது. வீங்குவதற்கு வேண்டிய தீனி எல்லாம் கொசுவின் உடம்பிலிருந்துதான். ஓர் உருண்டைக்குள் ஆயிரக்கணக்கில் ஊசி உயிர்கள். வெடித்து, கொசுவின் உடம்புத் திரவத்தில் நீந்தி, எச்சில் சுரப்பியைத் துளைத்து உள்ளே குடியேறுகின்றன. லாரியின் டாங்கை ஓட்டை போட்டு, டீசலைக் குடித்து, கடைசியில் ஸ்டியரிங் பக்கத்தில் போய் உட்காருவதைப் போல. கொசுவும் சும்மா இருப்பதில்லை. அதற்கும் எதிர்ப்புச் சக்தி உண்டு. வயிற்றுக்குள் போன கிருமிகளில் பெரும்பகுதியைத் துளைக்கும்போதே கொன்றுவிடுகிறது. வெளியில் பிடிக்கும் கொசுக்களில் சாதாரணமாக ஒன்றோ இரண்டோ உருண்டைகள்தான் தப்பிப் பிழைத்திருக்கும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. கிருமி கொசுவுக்குள் நுழைந்து எச்சிலுக்கு வர, நம்ம ஊர்ச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் வேண்டும். கொசுவின் ஆயுளே இரண்டு மூன்று வாரம். தினமும் 100 கொசுவில் 80 மறுநாளைப் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 நாள் கழித்து மிஞ்சுவது 7. 90 பிழைக்கிறது என்றால் மிஞ்சுவது 28. தினசரிக் கணக்கில் பத்துக் கொசு வித்தியாசம், முடிவில் நாலு மடங்கு. கொசுவைக் கணக்கில் பிடிக்கும் இந்த வேலையை ஆரம்பித்து வைத்தவரும் ராஸ்தான். 1950-களில் ஜார்ஜ் மக்டொனால்ட் அதை இன்னும் கூர்மையாக்கினார். வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடித்தால் ஏன் மலேரியா அப்படி விழுந்தது என்பதற்கு இந்தப் பெருக்கல்தான் விளக்கம். எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை. கிழவியாக விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஊட்டியில் ஏன் மலேரியா இல்லை என்பதும் இதில் அடக்கம். குளிரக் குளிரக் கிருமி மெதுவாக வளரும். 16 டிகிரிக்குக் கீழே போனால் அநேகமாக நின்றே போகும். அது பக்குவப்படுவதற்குள் கொசு செத்துவிடும். 36 வளைவு இறங்கினால் சூடு ஏறுகிறது, நாள் குறைகிறது, கொசு ஜெயிக்கிறது. அல்லது கிருமி ஜெயிக்கிறது.

யார் ஜெயிப்பது என்பதில்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் தகராறு. கிருமியின் லாபத்தைப் பாருங்கள். முதல் பத்து நாள் கொசு வம்புதும்புக்குப் போகாமல் பத்திரமாக இருக்க வேண்டும். அடிக்கடி கடித்தால் அடி வாங்கிச் செத்துவிடும். எச்சிலுக்கு வந்த பிறகு தலைகீழ். எவ்வளவு பேரைக் கடிக்கிறதோ அவ்வளவு லாபம். கிருமி கொசுவை அப்படி ஆட்டிவைக்கிறதா? 1984-இல் அமெரிக்காவில் ரோசினோல், ரிபெய்ரோ, ஸ்பீல்மேன் மூவரும் கோழி மலேரியா பிடித்த கொசுக்களைப் பார்த்தார்கள். கொசு எச்சிலில் நம் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு பொருள் உண்டு. கிருமி குடியேறிய சுரப்பியில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ரத்தம் சுலபமாக வராததால் கொசு திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டே இருந்தது. 1998-இல் தான்சானியாவில் கொசு வயிற்றில் உள்ள ரத்தம் எத்தனை பேருடையது என்று சோதித்தபோது, கிருமி இல்லாத கொசுக்களில் நூற்றுக்குப் 10-ம், கிருமி எச்சிலுக்கு வந்த கொசுக்களில் 22-ம் ஒரே ராத்திரியில் ஒருவருக்கு மேல் கடித்திருந்தன. இங்கிலாந்தில் ஹிலரி ஹர்ட் என்ற அம்மாள், கிருமி பிடித்த கொசு முட்டையைக் குறைத்துக்கொள்கிறது என்று காட்டினார். உண்டாகிக்கொண்டிருக்கும் முட்டையையே உடம்பு திரும்பக் கரைத்துக்கொள்ளுமாம். பிள்ளை பெறாத கொசு தன் உடம்பில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறது. அந்த மிச்சத்தில் சில நாள் கூட வாழ்கிறது என்று ஒரு கட்சி. வாழ்வதில்லை, சீக்கிரமே சாகிறது என்று இன்னொரு கட்சி. பரிசோதனைக்குப் பரிசோதனை விடை மாறுகிறது.

படித்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது, உண்மை. ஆனால் 2013-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு ஆராய்ச்சி வந்து ஆசையில் மண்ணைப் போட்டது. மலேரியாக் கிருமியே இல்லாமல், வெந்து செத்த சாதாரண பாக்டீரியாவைக் கொசுவுக்குள் செலுத்தினார்கள். அப்போதும் கொசு முதலில் அடங்கி, பிறகு அலைந்தது. அப்படியானால் ஆட்டிவைப்பது கிருமி இல்லை, கொசுவின் உடம்பே நோய் கண்டால் அப்படி நடந்துகொள்கிறது, கிருமி அந்த நேரத்தைத் தனக்குத் தோதாகப் பயன்படுத்திக்கொள்கிறது என்று ஆகிறது. எனக்கு இந்தப் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. எந்த மெஷினையும் சூனியக்காரன் ஓட்டுகிறான் என்று நினைப்பதற்கு முன்னால் அதன் சொந்த வயரிங்கைப் பார்க்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் அல்லவா?

இந்த 2013 பரிசோதனையில் இருந்த கொசு, அனோபிலஸ் ஸ்டீபன்சை. நம்ம ஊர்க் கொசு. கிணறு, மேல்நிலைத் தொட்டி, தரைமட்டத் தொட்டி என்று நல்ல தண்ணீரில் வளரும் டவுன் கொசு. 1953-இல் ஆரம்பித்த தேசிய மலேரியா கட்டுப்பாட்டு வேலையில், 1960-களில் நாடு முழுக்க வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் என்று இறங்கிய மலேரியா, 1976-இல் 64 லட்சமாக எகிறியது. டவுன்களுக்கென்று 1971-இல் தனித் திட்டம் போடவேண்டி வந்ததே இந்தக் கொசுவால்தான். நம் பக்கத்தில் ஈரோடும் சேலமும் அந்தத் திட்டத்தில் வந்த ஊர்கள். இது 2012-இல் ஆப்பிரிக்காவில் ஜிபூட்டியில் இறங்கி, அங்கே டவுன்களிலும் மலேரியாவைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. நாம் எதை எதையோ ஏற்றுமதி செய்கிறோம், இதையும் செய்திருக்கிறோம்.

எனக்கு இதெல்லாம் ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன் என்றேனே.

2015-இல் கோயமுத்தூருக்கு வெளியே ஒரு அடுக்குமாடிக் கட்டட வேலையில் சைட் எஞ்சினீயராக இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். தரைமட்டத் தண்ணீர்த் தொட்டி கட்டி முடித்து, கியூரிங்குக்கும் ஆட்கள் குளிக்கவும் அதிலிருந்துதான் தண்ணீர். மேலே மூடி இல்லை. இரும்பு மூடிக்கு எழுதிப் போட்டிருந்தேன், வரவில்லை, நானும் விரட்டவில்லை. கம்பி கட்டும் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன், பத்தொன்பது வயசு இருக்கும், ஆகஸ்ட் 4-ஆம் தேதி குளிர் சுரத்தில் படுத்தான். பாராசிட்டமால் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் எழுந்து வேலைக்கு வந்துவிட்டான். அதற்கு மறுநாள் மறுபடியும் நடுக்கம். இப்படி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறு நாள் போன பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்றார்கள்.

சுகாதார ஆய்வாளர் சைட்டுக்கு வந்தார். நீளக் காம்பு போட்ட வெள்ளைக் கரண்டியால் தொட்டித் தண்ணீரை மொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க சார், சாக்கடைக் கொசுப் புழுன்னா தலைகீழாத் தொங்கும். இது தண்ணியோட மட்டத்துல படுத்திருக்குது. இதுதானுங்க மலேரியாக் கொசு." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று சாயந்திரமே பிளைவுட் போட்டு மூடினேன்.

ஆகஸ்ட் 30. வாட்ச்மேன் அண்ணன் காலையில் வந்து, "சார், பாப்பாளுக்கு ராத்திரியில இருந்து குளிரு தூக்கித் தூக்கிப் போடுதுங்க" என்றார். எட்டு வயசு. தொட்டிக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில்தான் குடியிருந்தார்கள். இந்தத் தடவை பாராசிட்டமால் தேடவில்லை. என் வண்டியிலேயே தூக்கிக்கொண்டு போனேன். அதே ஜாதி மலேரியா. மூன்று நாள் குளோரோகுயின், பதினாலு நாள் பிரைமாகுயின். நல்லவேளை, தேறிவிட்டாள். ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி அவள் நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் சத்தம் போட்டதை நான் கேட்டேன்.

ராத்திரி ரூமுக்கு வந்து சைட் டைரியை எடுத்துத் தேதி எண்ணினேன். சுரம் வருவதற்குக் கடி பட்டு இரண்டு வாரம் என்றால், பாப்பாளைக் கடித்தது ஆகஸ்ட் 16-ஐ ஒட்டி. அந்தக் கொசு பையனைக் கடித்தது அதற்குப் பத்து நாள் முன்னே, 6-ஐ ஒட்டி. நான் பாராசிட்டமால் கொடுத்துக்கொண்டிருந்த ஆறு நாளுக்குள் அது விழுகிறது. கொசு வேறு எங்கிருந்தோ வந்திருக்கலாம், பாப்பாளுக்கு வேறு வழியிலும் வந்திருக்கலாம், எனக்குத் தெரியும். எத்தனை தடவை எண்ணினாலும் எனக்கு அந்த ஆறு நாள்தான் வந்தது. அப்போதுதான் கல்லட்டியில் பேராசிரியர் சொன்ன வரி திடீரென்று ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். இந்தக் கட்டுரையில் உள்ள முக்கால்வாசி அப்படித் தேடிச் சேர்த்ததுதான்.

வாட்ச்மேன் அண்ணன் இப்போது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இருக்கிறார். பொங்கலுக்குப் போன் பண்ணுவார். "புது சைட்டுல தொட்டிக்கு மூடி போட்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். அவருக்கு நான் அந்தத் தேதிக் கணக்கை இதுவரை சொன்னதில்லை.

ஒரு வேண்டுகோள். சிங்காராவுக்குப் போன அன்று கல்லட்டியில் பஸ் நின்றபோது சிலர் போட்டோ எடுத்தீர்கள். பேராசிரியர் காட்டிய கட்டடம் எது என்று பார்க்க இரண்டு முறை போய் வந்துவிட்டேன், பிடிபடவில்லை. அவரைக் கேட்கலாம் என்றால் அவரும் இன்று இல்லை. யாரிடமாவது அந்தப் படம் இருந்தால் சங்கமத்துக்கு வரும்போது கட்டாயம் எடுத்து வாருங்கள்.